பாண்டேயை முக்கால் வேகத்தில் பார்த்தால்

இது ரிவி நிகழ்ச்சி ஒன்றுக்கான விமர்சனம். நாடகமோ பாட்டுப் போட்டியோ இல்லை. இரவுச் சாப்பாட்டு நேரத்தில் நாலு கட்சிக்காரரை இருத்திவைத்துச் சண்டை மூட்டுகிற அரசியல் விவாதம். நடத்துகிறவர் ரங்கராஜ் பாண்டே. தந்தி ரிவியில் ‘ஆயுத எழுத்து’, ‘கேள்விக்கென்ன பதில்’ என்று பேர் எடுத்தவர். 2018 டிசெம்பரில் அங்கிருந்து விலகி, பிறகு ‘சாணக்யா’ என்று சொந்தமாக யூரியூப் சனல் தொடங்கினவர். சென்னையில் இருக்கிற ஒரு பத்திரிகைக்காரரைப் பற்றி இலங்கை வன்னியில் இருக்கிற வட்டக்கச்சித் தையல்காரிக்கு என்ன கதை என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் அவருக்கென்று தனியாக ஒரு கோப்பை வைக்கவில்லை, அவ்வளவுதான். மாமா இரவில் அவரோடுதான் சாப்பிடுகிறார்.

கடை என்று சொன்னாலும் அது வீட்டு முன்னறைதான். இரண்டு மெசின், ஒரு வெட்டுமேசை, அளவெடுக்க ஒரு மறைப்பு. அடுத்த அறையில் ரிவி. நடுவில் கதவு கிடையாது, பழைய சேலையில் தைத்த திரை மட்டும். ஆகவே பிளவுஸ் தைக்கக் கொடுக்க வருகிற எல்லாருடைய காதிலும் பாண்டே விழுவார். விழுந்தால் சும்மா போகமாட்டார்கள். அளவெடுக்கும்போது ஆளை அசையாமல் நிற்கச் சொல்லலாம், வாயை அசைக்காதே என்று சொல்ல ஏலுமா? இந்த மனிதரைப் பற்றி வன்னிச் சனம் என்ன நினைக்கிறது என்று கருத்துக்கணிப்பு எடுக்க யாரும் வரப்போவதில்லை. வந்தால் என் கடைக்கு வரட்டும்.

முதலில் சாமானைப் பற்றிச் சொல்கிறேன். இந்திய வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபாய் கட்டங்கட்டமாகக் கிடைத்துக் கட்டின வீடு எங்களது. ஓடு போட்டு முடிந்த கையோடு மாமா இந்திய டிஷ் ஒன்றும் பூட்டுவித்தார். “வீடு தந்தவையின்ர செய்தியையும் கேக்கத்தானே வேணும்” என்பது அவருடைய நியாயம். செய்மதிகள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே நிற்கின்றன, வன்னி அதிலிருந்து 9 பாகை மட்டும்தான் வடக்கே. அதனால் இங்கே டிஷ் நன்றாக அண்ணாந்துகொண்டு இருக்கும். வேப்பஞ்சருகு, காகத்தின் எச்சம், மழைத்தண்ணி எல்லாவற்றுக்கும் அது வசதி. மாரியில் பெருமழை பிடித்தால் சிக்னல் போய்விடும். பாண்டே கையை உயர்த்தி, வாயைத் திறந்து, எதிரில் இருக்கிறவரை மடக்கப்போகிற அந்தக் கோலத்திலேயே சதுரம் சதுரமாக உறைந்து நிற்பார். “இப்பதான் ஆள் வடிவாயிருக்கிறார்” என்பா மாமி. மாமா குடையோடு முற்றத்துக்கு ஓடுவார். டிஷ்ஷுக்கு மேலே குடை பிடித்தால் படம் வரும் என்பது அவர் கண்டுபிடித்த வைத்தியம். மேகத்திலிருந்தே மறித்துக்கொண்டு வருகிற மழையைக் குடை என்ன செய்யும் என்று மகன் படித்துப் படித்துச் சொன்னான். இரண்டொரு தரம் தற்செயலாகப் படம் வந்துவிட்டதால் மாமா கேட்கவில்லை.

2022இல் எல்லாம் குழம்பியது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டு. டொலருக்கு 200 ரூபாயாக இருந்த எங்கள் காசு இரண்டு மூன்று மாதத்துக்குள் 360 மட்டும் போனது. இந்திய டிஷ்ஷுக்கு ரீசார்ஜ் பண்ணுவதும் இந்தியக் காசுக் கணக்கில்தான், ஆகவே அதுவும் சேர்ந்து ஏறியது. பாண்டே முன்னமே யூரியூப்புக்குப் போயிருந்தார், அந்த வருடத்தோடு மாமாவும் ரிவியை விட்டுப் போனுக்குள் போனார். டிஷ் இன்றும் கூரையில் இருக்கிறது. மாமியின் நாடகங்களுக்காக ரீசார்ஜ் பண்ணுகிறோம். சேவை என்று பார்த்தால் டிஷ்ஷுக்கு மாரியில் பூச்சியம், கோடையில் பாஸ் மார்க். போனுக்கு டேற்றா இருக்கும் மட்டும் நூற்றுக்கு நூறு.

மாமா ஏன் இப்படிப் பைத்தியமாக இருக்கிறார் என்பதற்கு நான் அவருடைய பழைய கதையைத்தான் காரணமாகச் சொல்வேன். யுத்தகாலத்தில் வன்னிக்குள் கரண்ட் இல்லை. பற்றரி தடைசெய்த சாமான். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோவைப் பூட்டி பிபிசி தமிழோசை கேட்ட தலைமுறை அவருடையது. இரவு ஒன்பதே காலுக்குத் தொடங்கும். அது வன்னி நேரம். 1996இலிருந்து 2006 வரையும் கொழும்பு மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளி வைத்திருந்தது, வன்னி பழைய நேரத்தை விடவில்லை. ஆகவே இந்தியாவுக்கும் எங்களுக்கும் ஒரே நேரம், எல்லையாக இருந்த ஓமந்தைக்கு அங்கால் வேறு நேரம். தமிழோசை வானொலி 2017 ஏப்ரலோடு நின்றுபோனது. மாமா அதை ஒரு செத்தவீடு போலச் சொல்லுவார்.

அந்த ரேடியோவில் யாரும் கத்தவில்லை. செத்தவர் தொகையையும் கிரிக்கெட் ஓட்டத்தையும் ஒரே குரலில் வாசித்தார்கள். பெடல் சுற்றுகிறவர் மூச்சு வாங்குகிற சத்தம்தான் பெரிய சத்தம் என்பார் மாமா. கேள்வி கேட்கிற பழக்கமும் அப்போது இல்லை. எந்தப் பக்கத்தில் நின்றாலும் கேள்வி கேட்கிறவன் வாயை மூடிக்கொண்டுதான் பிழைத்தான். அப்படி வளர்ந்த ஒருவருக்கு, பதவியில் இருக்கிற ஆளைக் கண்ணுக்கு முன்னால் இருத்திவைத்து, ‘போன வருடம் வேறு மாதிரிச் சொன்னீர்களே’ என்று ஒருவர் கேட்பதைப் பார்ப்பது லேசான விஷயமில்லை. முதல் முறை பார்த்தபோது மாமா சோற்றில் கை வைத்தபடி அப்படியே இருந்தார். “கேட்டுட்டான் பாத்தியோ, கேட்டுட்டான்” என்றார். காவிரித் தண்ணீரோ, 2017 ஜல்லிக்கட்டோ, ஜெயலலிதாவின் சாவோ, விஷயம் எதுவானாலும் அவருக்குப் பரவாயில்லை. கேட்டதுதான் கணக்கு.

பாண்டேயின் பக்கம் உள்ள நல்லதைக் குறைக்காமல் சொல்லவேண்டும். ஆள் படித்துவிட்டு வருகிறார். தேதி, சட்டப்பிரிவு, யார் எந்த மேடையில் என்ன சொன்னார் என்ற விபரம் எல்லாம் நுனிநாக்கில். மகன் ஒருமுறை அர்னாப் கோஸ்வாமியின் ஆங்கில விவாதம் ஒன்றைப் போட்டுக் காட்டினான். முன்பு டைம்ஸ் நவ், 2017இலிருந்து சொந்தமாக ரிபப்ளிக் ரிவி. திரையைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து, பெட்டிக்கு ஒரு தலை வைத்து, எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் கத்தும். நடுவில் அவர், இந்தத் தேசமே அறிய விரும்புகிறது என்று மேசையில் அடிப்பார். அதோடு பார்த்தால் பாண்டே சாது. அவருடைய ஆயுதம் சத்தம் இல்லை, வேகம். சிரித்துக்கொண்டே ஓடுவார். எங்கள் காதுக்கு இந்தியத் தமிழே கொஞ்சம் வேகம், அதிலும் இவருடையது எக்ஸ்பிரஸ். பாதி விளங்காமலே மாமா தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அதற்கு மகன் செய்த வேலைதான் இந்த விமர்சனத்தை எழுதவைத்தது. ஏ.எல். என்கிற உயர்தர வகுப்புப் படிக்கிறவன், தன்னுடைய பௌதிகவியல் வீடியோக்களை வேகம் கூட்டிக் குறைத்துப் பார்க்கிற பழக்கம் உள்ளவன். தாத்தாவின் போனில் பாண்டேயை 0.75 வேகத்தில் விட்டுக் கொடுத்தான். யூரியூப்பில் அந்த வசதி இருப்பது தெரியாதவர்கள் தேடிப் பாருங்கள், செற்றிங்குக்குள் இருக்கிறது. குரல் கொஞ்சம் மப்பில் இருக்கிறவர் கதைப்பதுபோல இழுபடும், நாலைந்து நிமிடத்தில் பழகிவிடும்.

முக்கால் வேகத்தில் எனக்கும் முதல் தடவையாக முழுக்க விளங்கியது. ஊசி பிடித்துத் தையலைப் பிரித்து உள்மடிப்பைப் பார்ப்பதுபோல இருந்தது என்றே சொல்லவேண்டும். முழு வேகத்தில் ஒரு கேள்வியாகக் காதில் விழுந்தது உள்ளே மூன்று துண்டு. முதல் துண்டு ஒரு குற்றச்சாட்டு: நீங்கள் முன்பு எதிர்த்தீர்கள். இரண்டாம் துண்டு ஒரு தீர்ப்பு: மக்கள் அதை நம்பவில்லை. மூன்றாம் துண்டில்தான் கேள்விக்குறி: பிறகு ஏன் இதைச் செய்கிறீர்கள்? எதிரில் இருக்கிறவர் மூன்றாவதைப் பிடித்துக்கொண்டு பதில் தொடங்குவார். முதல் இரண்டும் மறுப்பில்லாமல் அப்படியே நிற்கும். பதிலின் நடுவில் அடுத்த மூன்று துண்டு வந்து விழும். ‘ஒரு சிறிய இடைவேளை’ வந்தால் அதுவும் போச்சு. இது பாண்டேயின் கண்டுபிடிப்பு இல்லை, இந்த ரக விவாதம் எல்லாவற்றிலும் இருக்கிறது. மற்றவர்களின் சத்தத்தில் அது மறைந்துவிடும். இவரிடம் சத்தம் குறைவு என்றபடியால் வேகத்தைக் குறைத்தவுடன் வெளியில் தெரிகிறது.

இன்னொன்றும் தெரிந்தது. வேகம் குறைந்தால் வெற்றி தோல்வியும் குறைகிறது. ‘மடக்கிவிட்டார்’ என்று தலைப்புப் போட்ட துண்டு வீடியோ ஒன்றை முக்கால் வேகத்தில் பார்த்தோம். யாரும் யாரையும் மடக்கவில்லை. ஒருவர் பேசி முடிக்கவில்லை, அவ்வளவுதான். மாமாவுக்கு அந்த இரவு சோறு செல்லவில்லை. மறுநாள் காலையில், “தம்பி, அதைப் பழையபடி விடு” என்று மகனிடம் போனை நீட்டினார்.

இனிச் சனத்தின் கதைக்கு வருகிறேன். என்னிடம் பள்ளிக்கூடத்துச் சேலைக்குப் பிளவுஸ் தைக்கிற ரீச்சர் ஒருவர் இருக்கிறார், இப்போது ஓய்வு. அவருக்குப் பாண்டேயைப் பிடிக்கும், தமிழ்த்தினப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்கும்போது இவருடைய பேச்சைப் போட்டுக் காட்டினவர். “எதிரியின்ர பேச்சை அவரைவிட நல்லாப் படிச்சு வைச்சிருக்கிறார், அதைப் பழகுங்கோ எண்டு சொல்லுவன்” என்றார். கொஞ்ச நேரம் திரைக்கு அங்கால் காது கொடுத்துவிட்டு, “ஆனா பிள்ளை, மாணவன் விடை சொல்லுறதுக்கு முதல் ரீச்சரே சொல்லிப்போட்டால் அதைப் பாடம் எண்டு சொல்லேலாது” என்றும் சொன்னார்.

சந்தியில் ஓட்டோ ஓடுகிற தம்பி ஒருவன் மனைவியின் சட்டைகளை எடுக்க வருவான். சீமானின் பேச்சு என்றால் உயிர். பாண்டே சீமானைப் பேட்டி எடுத்த நாளிலிருந்து அவனுக்கு இவர் ஜென்ம விரோதி. தமிழ்நாட்டிலும் இவரை பாரதிய ஜனதாப் பக்கம் சாய்ந்தவர் என்று ஏசுகிறவர்கள் ஒரு பாதி, பக்கம் பார்க்காமல் கேட்கிறவர் என்று கொண்டாடுகிறவர்கள் மறுபாதி. அந்தச் சண்டை கிளை விட்டு எங்கள் முன்னறைக்குள் வந்துவிட்டது.

“உவர் ஆற்ற ஆளெண்டு தெரியாதே மாமா உங்களுக்கு?”

“ஆற்ற ஆளெண்டால் எனக்கென்ன? கேட்ட கேள்வி சரியோ பிழையோ, அதைச் சொல்லு.”

“கேட்ட கேள்வி சரிதான் மாமா. கேக்காத கேள்வியளையும் எண்ணிப் பாருங்கோ.”

மாமா பதில் சொல்லாமல் சத்தத்தைக் கூட்டினார். இந்தத் தம்பிக்கு நான் அன்றைக்குத் தையல்கூலியில் குறைத்திருக்கலாம்.

பெண்களின் கருத்து வேறு பாதையில் போனது. 2019இல் வந்த ‘நேர்கொண்ட பார்வை’ படத்தில், அஜித்துக்கு எதிரே நிற்கிற வக்கீலாகப் பாண்டே நடித்தார். நீதிமன்றத்தில் பெண்பிள்ளைகளைக் கூண்டில் ஏற்றி, எத்தனை மணிக்குப் போனாய், யாரோடு போனாய், ஏன் சிரித்தாய் என்ற போக்கில் குடைகிற வேடம். விவாதம் நடத்துகிறவரைக் கொண்டுபோய் அந்த வேடத்தில் நிறுத்தின மூளைக்கு என் சல்யூட், ஆள் அப்படியே பொருந்தினார். படம் ரிவியில் போனதற்குப் பிறகு என் கடையில் அவருடைய மார்க்கெட் விழுந்தது. அதுவரைக்கும் “நல்ல வாய்” என்று சொன்ன அக்கா ஒருவர், குரல் கேட்டாலே, “அந்தக் கோட்டுக் குரலை நிப்பாட்டச் சொல்லு” என்பார். அது நடிப்புத்தானே அக்கா என்றேன். “நடிப்பெண்டு தெரியும். நடிக்கக் கஷ்டப்பட்ட மாதிரித் தெரியேல்லை” என்றார். ஒரு நடிகருக்கு இதைவிடப் பாராட்டு வேறு இல்லை. ஆனால் பாராட்டாகச் சொன்ன முகம் அதுவல்ல.

இன்னொரு அம்மா. கிளிநொச்சி கந்தசாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடங்கின போராட்டத்தில் இருக்கிறவர். மகனின் படத்தை லமினேற் பண்ணிப் பையில் வைத்திருப்பார். அவருடைய பிளவுஸ்கள் இப்போது வருடத்துக்கு வருடம் பக்கத்தில் பிடித்துச் சின்னதாக்கவேண்டி வருகிறது. திரைக்கு அங்கால் சண்டை உச்சத்தில் இருந்த நேரம் வந்தார்.

“உவர் ஆரிட்டக் கேக்கிறார்?” என்றார்.

“மந்திரிமாரிட்ட” என்றார் மாமா உள்ளிருந்து.

“பதில் வருதோ?”

“வராது தங்கச்சி. ஆனாக் கேக்கிறார்.”

“நாங்களும்தான் கேக்கிறம்” என்றவர், கைவளைவு எவ்வளவு வேண்டும் என்று என்னிடம் சொல்லத் தொடங்கிவிட்டார்.

ஓட்டோத் தம்பி சொன்ன கேக்காத கேள்வி என்ன என்பது எனக்கு முல்லைத்தீவிலிருந்து வந்த ஒருவரால்தான் விளங்கியது. வட்டக்கச்சியில் சொந்தக்காரர் கலியாணத்துக்கு வந்தவர், அவசரத்துக்கு ஒரு சட்டையைச் சரிசெய்யக் கொண்டுவந்தார். கணவர் கடல்தொழில். அன்றைக்குப் பார்த்து மாமாவின் போனில் தமிழக மீனவர் கைது பற்றி ஒரு விவாதம். எந்தச் சனல், யார் நடத்தினார் என்பது முக்கியமில்லை, இந்த விஷயத்தில் எல்லாம் ஒரே அச்சு. இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது, டெல்லி என்ன செய்கிறது, மாநில அரசு என்ன செய்கிறது, கச்சதீவை 1974இல் யார் கொடுத்தார்கள். ஆளுங்கட்சிக்கு ஒருவர், எதிர்க்கட்சிக்கு ஒருவர், டெல்லிக்கு ஒருவர். நன்றாகச் சண்டை பிடித்தார்கள். அந்த அக்கா கடைசிவரைக்கும் நின்று கேட்டுவிட்டு, “எங்கட வலையை அறுத்துக்கொண்டு போறது ஆரெண்டு ஒருத்தரும் கேக்கேல்லையே” என்றார்.

அவர் சொன்ன விஷயம் மன்னார், முல்லைத்தீவு, யாழ்ப்பாணம் என்று வடக்குக் கரை முழுக்கத் தெரிந்தது. இந்திய றோலர்கள் இரவில் இங்கால் கரைப்பக்கம் வருகின்றன. இழுவைமடி கடலின் அடியைச் சுரண்டிக்கொண்டு போகும், மீன்குஞ்சும் முட்டையும் சேர்ந்து அள்ளுப்படும். வழியில் எங்கள் ஆட்கள் படுத்துவிட்ட வலை இருந்தால் அதுவும் போகும். ஒரு இரவில் போன வலைக்கு மாதக்கணக்காகக் கடன் கட்டவேண்டும். 2017இல் இலங்கைப் பாராளுமன்றம் இழுவைமடியைத் தடைசெய்து சட்டமே கொண்டுவந்தது. சென்னை விவாதங்களில் ‘தமிழ் மீனவர்’ என்றால் ராமேஸ்வரம், நாகப்பட்டினம் மட்டும்தான். கடலுக்கு இங்கால் இருக்கிறவனும் தமிழ் மீனவன்தான், அவனுக்கும் ஒரு கதிரை போட்டிருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அங்கே போகிறவர்களும் பாவம், கூலிக்குத்தான் போகிறார்கள், படகு முதலாளியுடையது. அதையாவது தோண்டிக் கேட்டிருந்தால் நல்ல நிகழ்ச்சி கிடைத்திருக்கும். காரசாரமாகக் கேட்கிறார், யாரையும் விடமாட்டார் என்று நாங்கள் மெச்சுகிற ஆட்களின் கேள்விகூட, மேசையைச் சுற்றி இருத்தினவர்களைத் தாண்டிப் போகாது. முக்கால் வேகமோ அரை வேகமோ, இல்லாத கேள்வியைக் காட்டாது.

மே 18 வரும்போதும் இதுதான். முள்ளிவாய்க்காலைப் பற்றிச் சென்னையில் நாலு பேர் ஆளுக்கொரு கையை நீட்டிக் கத்துவார்கள். மாமா தன்னுடைய ஆளோடு கோபிக்கிற ஒரே நாள் அது. போனை முகத்துக்கு நேரே பிடித்து, “தம்பி, என்னைக் கேளுமன்” என்பார்.

எங்கள் பக்கத்தில் இப்படி ஒன்றும் இருக்கவில்லையா என்றால், இருந்தது. சக்தி ரிவியில் ‘மின்னல்’. அதை நடத்தின ஸ்ரீரங்கா 2010 தேர்தலில் நுவரெலியா மாவட்டத்திலிருந்து தானே பாராளுமன்றம் போய்விட்டார். எங்கள் வாக்கை வாங்கினவர்கள் அந்தக் கதிரையில் வந்து இருந்தார்கள் என்பதுதான் ‘மின்னலின்’ பெரிய பலம், பார்க்கும்போது வயிற்றைக் கலக்கும். பாண்டேயைப் பார்க்க வயிறு கலங்காது. அங்கே எங்களுக்கு வாக்கில்லை, யார் தோற்றாலும் எங்களுக்கு நட்டமில்லை. மாமாவுக்குச் சாப்பாடு சமிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பக்கவிளைவுகளையும் எழுதாவிட்டால் விமர்சனம் முழுமையாகாது. இந்த நிகழ்ச்சியைத் தொடர்ந்து பார்க்கிற ஆண்கள் வீட்டிலும் அதேபோலக் கதைக்கத் தொடங்குவார்கள். “கறிக்கு உப்புக் காணாது. போன கிழமையும் காணாது. அப்ப உப்பு முடிஞ்சுதெண்டு சொன்னனீ. ஓம் எண்டா ஓம், இல்லை எண்டா இல்லை, ஒரு சொல்லில சொல்லு.” மாமி இதற்குப் பதில் சொல்வதில்லை, உப்புப் போத்தலை அவருக்கு முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவா. பாண்டேக்கு முன்னால் இருக்கிற கட்சிப் பேச்சாளர்கள் மாமியிடம் ரியூஷன் எடுக்கலாம்.

ஆனால் ஒரு இடத்தில் மாமா உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமாக நடந்தார். நாங்கள் இரணைமடுக் குளத்துத் தண்ணியில் வெள்ளாமை செய்கிற ஆட்கள். காலபோகத்துக்கு மழை இருக்கிறது, சிறுபோகத்துக்குக் குளம்தான் கதி. குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு என்று கூட்டம் வைத்துத் தீர்மானிப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு மாமா முந்தின வருடத்து முடிவுகளை எழுதின கடதாசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். பாண்டேயிடம் படித்த பாடம் அது. எழும்பி நின்று, போன வருடம் கடைசி வாய்க்காலுக்கு இவ்வளவு என்று எழுதியிருக்கிறது, வந்தது இவ்வளவு, இந்த வருடம் என்ன கணக்கு என்று கேட்டார். கேட்டுவிட்டு இருந்துவிட்டார். அதிகாரி பதில் சொல்லி முடிக்கும்வரைக்கும் ஒரு சொல் குறுக்கே போடவில்லை என்று கூடப்போன அயலவர் வந்து அதிசயமாகச் சொன்னார். வீட்டில் இப்படி இல்லையே மாமா என்று கேட்டேன். “விசரே உனக்கு? அவர் சொல்லுறதை வைச்சல்லோ நான் விதைக்கவேணும்” என்றார்.

பாண்டேயிடம் எனக்கு உள்ள முழுக் குறையும் இதற்குள் வந்துவிட்டது. அவருக்கு விதைக்கவேண்டிய தேவை இல்லை. மந்திரி என்ன சொன்னாலும் அடுத்த நாளைக்கு வேறு தலைப்பு இருக்கிறது. கேள்விக்காகப் பார்க்கிறவர்களுக்கு நல்ல நிகழ்ச்சி, அதிலும் வாதம் பழகுகிற பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டலாம். பதில் வேண்டும் என்று இருக்கிறவர்கள் அடுத்த நாள் பத்திரிகையைப் பாருங்கள்.

புள்ளி கேட்டால், மாமா ஐந்துக்கு ஐந்து. மாமி பூச்சியம், அதுவும் இரக்கத்தில். ரீச்சர் மூன்றரை. ஓட்டோத் தம்பி கதைக்கவே மாட்டேன் என்றுவிட்டான். நான் படிப்புக்கும் தயாரிப்புக்கும் நாலு கொடுத்து, கேட்டுவிட்டுக் காத்திருக்காததற்கு ஒன்றரையை வெட்டி, இரண்டரையில் நிறுத்துகிறேன்.

பார்க்கப்போகிறவர்களுக்குச் சில விஷயம். முழு நிகழ்ச்சியைப் பாருங்கள், ‘மடக்கினார்’, ‘தெறிக்கவிட்டார்’ என்று தலைப்புப் போட்ட துண்டுகளை விடுங்கள், அவற்றில் பதில் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். படத்தின் தரத்தை 144இல் வைத்தால் டேற்றா மிஞ்சும், இதில் பார்க்க ஒன்றும் இல்லை, கேட்கத்தானே போகிறீர்கள். முக்கால் வேகத்தில் ஒரு தரமாவது போட்டுப் பாருங்கள், வயதான ஆட்களுக்குச் சொல்லாமல். கட்டாயம் ஹெட்செற் வாங்கிக் கொடுங்கள், வயர் உள்ளதாக. வயர் இல்லாததை மாமா கிணற்றடிக்குப் போட்டுக்கொண்டு போனார், ஒரு பக்கத்து மூடி இப்போது கிணற்றுக்குள் இருக்கிறது. மற்றப் பக்கத்தில் பாண்டே இன்னும் கதைத்துக்கொண்டிருக்கிறார்.